விளைநிலமும் உண்கலமும்

நுழையும்முன்

உண்கலத்தில் இட்ட சோறு எந்த நிலத்தில் விளைந்தது, எவர் கையால் விளைந்தது என்பதை உண்பவர் அறிந்திருந்த காலம் ஒன்று இருந்தது. இன்று உழும் குடும்பத்திற்கும் உண்ணும் குடும்பத்திற்கும் இடையே நெடுந்தொலைவு வளர்ந்துவிட்டது. அத்தொலைவு சிற்றுழவர் வாழ்வையும் உண்போர் நலத்தையும் எவ்வாறு பாதிக்கிறது? அதனைக் குறைப்பது இயலுமா? அருகில் விளைவதை உண்ணுதல் என்னும் கொள்கையின் வலிமையையும் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நிலம் வகுத்த உணவு

பழந்தமிழர் நிலத்தை ஐந்திணையாகப் பகுத்தனர். ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைத் தொல்காப்பியம் எண்ணிக் கூறும்போது, தெய்வத்திற்கு அடுத்த இடத்தில் உணவை வைக்கிறது. விலங்கும் மரமும் பறவையும் பறையும் தொழிலும் அதன் பின்னரே வருகின்றன. குறிஞ்சிக்குத் தினையும் மலைநெல்லும், முல்லைக்கு வரகும் சாமையும், மருதத்திற்குச் செந்நெல்லும் வெண்ணெல்லும் உணவென உரையாசிரியர்கள் விளக்கினர். மண்ணும் மழையும் எதை விளைவித்தனவோ அதுவே மக்களின் உணவாயிற்று என்னும் உண்மை இப்பகுப்பில் பொதிந்துள்ளது.

இவ்வுண்மை இலக்கியத்தோடு நின்றுவிடவில்லை. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் செம்மண் நிலத்தில் கேழ்வரகு இன்றும் விளைகிறது. அங்குக் களியும் கூழும் அன்றாட உணவாக இருந்து வந்தன. கொல்லிமலையிலும் சவ்வாது மலையிலும் சாமையும் தினையும் பயிராகின்றன. காவிரிப் படுகையில் குறுவை, சம்பா, தாளடி என நெல்லின் பருவங்களே ஆண்டின் பருவங்களாயின. தென்மாவட்டங்களின் கரிசல் நிலம் கம்பையும் சோளத்தையும் உளுந்தையும் தந்தது. ஓர் ஊரின் சமையலைக் கண்டே அவ்வூரின் மண்ணை அறியலாம் என்னும் நிலை இருந்தது.

தெரிந்து தெளிவோம்

குறிப்பிட்ட ஊரின் மண்ணாலும் தட்பவெப்பத்தாலும் தனித்தன்மை பெற்ற விளைபொருள்களுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்படுகிறது. விருப்பாச்சி மலை வாழை, சிறுமலை வாழை, கொடைக்கானல் மலைப்பூண்டு, இராமநாதபுரம் முண்டு மிளகாய், வேலூர் முள் கத்தரி ஆகியன இக்குறியீட்டைப் பெற்ற தமிழ்நாட்டு விளைபொருள்களுள் சில. இவற்றுள் பலவும் சிற்றுழவர் நிலங்களில் விளைவன.

குடும்பமே உழவுக் கூடம்

தமிழ்நாட்டு வேளாண்மை, பெரும்பாலும் சிறு நிலத்தில் குடும்பமாகச் செய்யும் வேளாண்மையே ஆகும். 2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஓர் உழவர் பயிரிடும் நிலத்தின் சராசரிப் பரப்பு 0.75 எக்டேர். இஃது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. நிலம் பயிரிடுவோருள் 100க்கு 93 பேர் குறு, சிறு உழவர்களே. ஆதலின், சிற்றுழவர் குடும்பத்தைப் பற்றிய பேச்சு, மாநிலத்தின் வேளாண்மை முழுமையையும் பற்றிய பேச்சே ஆகும்.

இத்தகைய குடும்பத்தில் வீட்டிற்கும் நிலத்திற்கும் இடையே சுவர் இல்லை. வீட்டுக் குப்பையும் மாட்டுச் சாணமும் எருக்குழிக்குச் சென்று, மக்கிய பின் வயலுக்கு உரமாகின்றன. வயலின் வைக்கோல் மாட்டிற்கு உணவாகிறது. கழனித்தண்ணீர் தொட்டியில் ஊற்றப்பட்டு மாட்டின் தாகம் தீர்க்கிறது. அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டு மண்ணை வளப்படுத்துகின்றனர். ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாகும் இச்சுழற்சியே சிறு நிலத்தைப் பல தலைமுறைகளாகத் தாங்கி நின்றது.

குடும்பத்தில் ஒவ்வொருவர்க்கும் ஒரு பணி உண்டு. ஒவ்வொரு பணியும் ஒரு கல்வி. எந்தக் காற்று மழையைக் கொண்டுவரும் என்பதைத் தாத்தாவிடமிருந்து பேரன் கற்கிறான். முற்றிய பீர்க்கங்காயைப் பறிக்காமல் நெற்றாக விட்டு விதையெடுக்கவும், விதையைச் சாம்பலில் புரட்டி உலர்த்தவும், துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்துப் பூச்சி அணுகாமல் காக்கவும் பாட்டியிடமிருந்து பேத்தி கற்கிறாள். ஆடிப்பட்டம், புரட்டாசிப்பட்டம், தைப்பட்டம் என்று விதைக்கும் காலங்களை ஏட்டின் துணையின்றி அறிந்த குடும்பங்கள் இவை. நிலக்கடலையின் ஊடே துவரையும் தட்டைப்பயறும், வரப்போரம் ஆமணக்கும் விதைப்பர். பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனை மண்ணில் நிலைநிறுத்துகின்றன. ஆமணக்கின் அகன்ற இலைகள் புழுக்களைத் தம்பால் ஈர்த்து நிலக்கடலையைக் காக்கின்றன. அறிவியல் பின்னர் விளக்கியதை உழவர் பட்டறிவால் முன்னரே கையாண்டனர்.

இத்தகைய குடும்பத்தின் அடுப்பங்கரை பருவத்தின் ஏவலுக்கு உட்பட்டது. மழைக்குப்பின் தழைத்த கீரைகள் கடைசலாகும். மொச்சையும் அவரையும் காய்க்கும் மாதத்தில் அவையே குழம்பாகும். மிகுந்து காய்த்த கத்தரியும் சுண்டையும் மிளகாயும் வற்றலாகிக் கோடைக்குக் காத்திருக்கும். குதிரிலும் குலுக்கையிலும் தானியம் இருக்கும் வரை, சந்தை விலை ஏறினும் இறங்கினும் அக்குடும்பத்தின் வயிறு கலங்குவதில்லை. உண்பதற்குப் போக எஞ்சியதை விற்கும் குடும்பத்திற்கும், விளைந்த அனைத்தையும் விற்று உண்பதற்குரியதைக் கடையில் வாங்கும் குடும்பத்திற்கும் உள்ள வேறுபாடு பெரிது. முன்னது சந்தையைப் பயன்படுத்துகிறது. பின்னது சந்தையின் கையில் இருக்கிறது.

இடைவெளி பெருகிய வகை

இந்த வாழ்வு எவ்வாறு மாறியது என்பதை ஆராய்வோர், எவரையும் எளிதில் குற்றவாளியாக்கிவிட இயலாது. விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் நாடு உணவுப் பற்றாக்குறையால் வாடியது; வெளிநாட்டுக் கப்பல்களின் கோதுமையை எதிர்நோக்கிக் காத்திருந்தது. 1966இல் பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஐ.ஆர்.8 போன்ற குட்டை நெல் வகைகளும், வேதியுரங்களும், மின் இறைப்பிகளும் விளைச்சலைப் பெருக்கின. பசியைத் தணித்ததில் பசுமைப் புரட்சிக்கும், அனைத்துக் குடும்பங்களுக்கும் அரிசி கிடைக்கச் செய்ததில் பொது வழங்கல் முறைக்கும் உள்ள பங்கை மறுத்தல் நன்றியன்று.

எனினும், ஒரு நன்மை வேறு சில இழப்புகளையும் உடன் கொண்டுவந்தது. மலிவான அரிசி எங்கும் கிடைத்தபோது, கேழ்வரகும் கம்பும் சாமையும் ஏழையின் உணவெனத் தாழ்வாகக் கருதப்பட்டன. அவற்றை உண்போர் குறைந்ததால் விளைவிப்போரும் குறைந்தனர். நெல்லிலும் ஒரு சில வகைகளே வயல்களை நிரப்பின. நீர் தேங்கும் நிலத்தைத் தாங்கும் காட்டுயானம், வறட்சியைத் தாங்கும் குழியடிச்சான், குறுகிய காலத்தில் விளையும் பூங்கார் முதலிய மரபு நெல் வகைகள் மறைவை நோக்கி நகர்ந்தன. அவற்றை மீட்கும் பணியில் திருத்துறைப்பூண்டிப் பகுதியைச் சேர்ந்த நெல் ஜெயராமன் தம் வாழ்வைச் செலவிட்டார்; நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட மரபு நெல் வகைகளைத் திரட்டினார். நெல் திருவிழாவில் 2 கிலோ விதைநெல் பெறும் உழவர், மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருதல் அங்குக் கடைப்பிடிக்கப்பட்ட மரபு. 2018இல் அவர் மறைந்த பின்னும் அவ்விதைகள் வயல்தோறும் பரவி வருகின்றன. உண்போர் விரும்பி வாங்கும் வரைதான் அவை வயலில் நிலைக்கும் என்பது இங்குக் கருதத்தக்கது.

இடைவெளி பெருகியதன் மற்றொரு விளைவு விலையில் தெரிகிறது. இந்திய ரிசர்வ் வங்கி 2024இல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, நுகர்வோர் தக்காளிக்குத் தரும் 100 ரூபாயில் ஏறத்தாழ 33 ரூபாயும், வெங்காயத்தில் 36 ரூபாயும், உருளைக்கிழங்கில் 37 ரூபாயுமே உழவரைச் சேர்கின்றன. எஞ்சிய தொகை ஏற்றுகூலி, இறக்குகூலி, வண்டி வாடகை, தரகு, அழுகிய சரக்கின் இழப்பு, மொத்த வணிகர் ஆதாயம், சில்லறை வணிகர் ஆதாயம் எனப் பல வழிகளில் பிரிகிறது. இவர்கள் அனைவரும் உழைக்காமல் உண்போர் அல்லர். எனினும், கை மாறும் இடங்கள் கூடக்கூட உழவர் பங்கு குறைகிறது என்பது தெளிவு.

2023ஆம் ஆண்டு சூலையில் தக்காளி ஒரு கிலோ 100 ரூபாயைக் கடந்து விற்றது. சென்னையில் நியாயவிலைக் கடைகள் வழியாக 60 ரூபாய்க்கு விற்கும் நிலை ஏற்பட்டது. சில வாரங்களில் வரத்து பெருகவே விலை சரிந்தது. விலை ஏறியபோது வாங்குவோர் வருந்தினர். சரிந்தபோது விளைவித்தோர் வருந்தினர். பறிகூலிக்கும் கட்டாத விலையில், பழுத்த தக்காளியைச் செடியிலேயே விட்டுவிடுவதும் சாலையோரம் கொட்டுவதும் தமிழ்நாட்டு ஊர்களில் அவ்வப்போது நிகழ்கின்றன. உண்பவரும் விளைவிப்பவரும் ஒருவரையொருவர் அறியாத சந்தையில் இருவருமே மாறிமாறித் தோற்கின்றனர்.

அருகில் விளைவதன் ஆற்றல்

அருகில் விளைந்ததை உண்ணும் வழக்கம் இத்துன்பங்கள் அனைத்தையும் நீக்கும் மருந்தன்று. எனினும், அஃது அளிக்கும் நன்மைகள் நான்கு உள்ளன.

முதலாவது, சுவையும் சத்தும். பறித்த கீரையில் உயிர்ச்சத்து சி விரைவில் குறையத் தொடங்குகிறது. காலையில் பறித்து நண்பகலில் சமைக்கும் கீரைக்கும், இரண்டு நாள் வண்டியில் வாடிய கீரைக்கும் வேறுபாடு உண்டு. தொலைதூரச் சந்தைக்குச் செல்லும் பழங்களை முற்றாத நிலையிலேயே பறித்தாக வேண்டும். அடுத்த தெருவிற்குச் செல்லும் பழம் மரத்திலேயே கனியலாம்.

இரண்டாவது, உணவின் பன்மை. உள்ளூரில் விளைவதைத் தேடி உண்ணும்போது, பெருஞ்சந்தையில் இடம்பெறாத உணவுகள் உண்கலத்திற்குத் திரும்புகின்றன. கேழ்வரகில் உள்ள சுண்ணாம்புச் சத்து, தீட்டிய அரிசியில் உள்ளதைப்போலப் பத்து மடங்கிற்கும் மேற்பட்டது. வேலியோர முருங்கையின் கீரை, சத்துமிக்க உணவுகளுள் ஒன்று. குழந்தைகளுக்கும் மகளிர்க்கும் தேவையான இச்சத்துகள் விலையுயர்ந்த புட்டிகளில் அடைபட்டில்லை; வீட்டுக் கொல்லையிலேயே உள்ளன.

மூன்றாவது, பொறுப்புணர்வு. தன் ஊராரே உண்ணப்போகின்றனர் என்பதை அறிந்த உழவர், பூச்சிக்கொல்லியைத் தெளித்த மறுநாளே காயைப் பறித்து விற்கத் தயங்குவார். விளைவிப்பவர் முகத்தை அறிந்த நுகர்வோர், சற்றே கோணலான கத்தரிக்காயை ஒதுக்கத் தயங்குவார். முகமறிந்த உறவு இருபுறமும் அறத்தை வளர்க்கிறது.

நான்காவது, நிலத்தின் நிலைபேறு. சிறு நிலத்திலிருந்து வருவாய் கிடைக்காத குடும்பம், அந்நிலத்தை நெடுங்காலம் வைத்திருக்க இயலாது. விளைநிலம் வீட்டுமனையாக மாறும்போது, எல்லைக் கற்கள் நடப்படும் அந்நாளோடு அதன் வேளாண் வாழ்வு முடிகிறது. பின்னர் அதனை மீண்டும் வயலாக்குதல் அரிது. ஊரார் தம் ஊர் விளைச்சலை வாங்குதல், அந்நிலம் வயலாகவே நீடிப்பதற்கு அளிக்கும் ஆதரவாகும்.

எழும் ஐயங்கள்

நல்ல கொள்கை எதுவும் வினாக்களுக்கு அஞ்சலாகாது. அருகில் விளைவதை உண்ணுதல் பற்றியும் வலுவான ஐயங்கள் உள்ளன.

ஒவ்வோர் ஊரும் தன் விளைச்சலை மட்டுமே நம்பினால், மழை பொய்த்த ஆண்டில் அவ்வூர் என்னாகும் என்பது முதல் ஐயம். வரலாறு இதற்குக் கொடிய விடையைத் தருகிறது. தாது ஆண்டுப் பஞ்சம் எனத் தமிழ்மக்கள் இன்றும் நினைவுகூரும் 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில், சென்னை மாகாணத்திலும் பிற பகுதிகளிலும் பல இலட்சம் மக்கள் மாண்டனர். உள்ளூர் விளைச்சல் அற்றுப்போனபோது வெளியிலிருந்து வரும் தானியமே உயிர் காக்கும். அதே பஞ்சம் மற்றொரு பாடத்தையும் புகட்டியது. அக்காலத்தில் இருப்பூர்தி இருந்தது. தானியமும் அதில் ஏறி வந்தது. ஆயினும், வாங்கும் ஆற்றலற்ற உழவரும் கூலியாளரும் தானியக் கிடங்குகளின் அருகிலேயே பசித்திருந்தனர். இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதியும் தொடர்ந்தது. தொலைவிலிருந்து உணவு வருதல் மட்டும் போதாது. உள்ளூரில் வாழ்வோர்க்கு வருவாயும் வேண்டும். எனவே, ‘அருகில் விளைவது மட்டுமே’ என்பதைக் காட்டிலும் ‘அருகில் விளைவது முதலில்’ என்பதே தக்க கொள்கை. நெய்தல் நில மக்கள் மீனையும் உப்பையும் விற்றுப் பிறநிலத் தானியத்தைப் பெற்று உண்டனர் என்பதை உரையாசிரியர்கள் உரைக்கின்றனர். பண்டமாற்றை மறுத்த வாழ்வு பழந்தமிழகத்திலும் இல்லை.

அருகில் விளைந்தது என்பதனாலேயே ஒரு பொருள் சுற்றுச்சூழலுக்கு நல்லதாகிவிடுமா என்பது இரண்டாம் ஐயம். ஆகிவிடாது. உணவு உற்பத்தியால் வெளிப்படும் பசுங்குடில் வளிகளில் போக்குவரத்தின் பங்கு பொதுவாகச் சிறியது. விளைவிக்கும் முறையின் பங்கே பெரியது. வறண்ட நிலத்தில் ஆழ்துளைக் கிணற்றின் கடைசித் துளி நீரையும் இறைத்து விளைவித்த நெல், பக்கத்து வயலில் விளைந்ததாயினும் அம்மண்ணுக்குரிய உணவன்று. அருகில் விளைதல் என்பதன் பொருள், அம்மண்ணுக்கும் நீருக்கும் ஏற்ப விளைதல் என்பதே ஆகும். தொலைவை மட்டும் அளப்போர் பாதி உண்மையையே காண்கின்றனர்.

ஏழைகளால் இத்தகைய உணவை வாங்க இயலுமா என்பது மூன்றாம் ஐயம். ஒரு காலத்தில் ஏழையின் உணவாயிருந்த சிறுதானியம், இன்று நகரத்து அங்காடிகளில் அழகிய பைகளில் அடைக்கப்பட்டு அரிசியினும் மிகுந்த விலைக்கு விற்கப்படுகிறது. உள்ளூர் உணவு வசதி படைத்தோரின் விருப்பப் பொருளாகிவிட்டால், அக்கொள்கை தன் நோக்கத்தையே இழந்துவிடும். இதற்கு விடை தனிமனிதர் கையில் மட்டும் இல்லை. பொதுத்துறையின் கொள்முதலிலும் வழங்கலிலும் உள்ளது.

குடும்பம் என்னும் சொல்லுக்குள்

சிற்றுழவர் குடும்பத்தைப் போற்றிப் பேசுவோர், அக்குடும்பத்தின் சுமை எவர் தோளில் உள்ளது என்பதைப் பெரும்பாலும் கேட்பதில்லை. நாற்று நடுதல், களையெடுத்தல், கறவை பேணல், தானியத்தைப் புடைத்துக் காயவைத்தல், விதை காத்தல், சமைத்தல் என விடியலுக்கு முன் தொடங்கும் பெண்ணின் உழைப்பு, ஊர் உறங்கிய பின்னரே ஓய்கிறது. எனினும், 2015-16 கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நிலம் பயிரிடும் பொறுப்பாளராகப் பதிவு பெற்றோருள் பெண்கள் 100க்கு ஏறத்தாழ 14 பேரே. பட்டாவில் பெயரில்லாத பெண், வங்கிக் கடன், மானியம், பயிர்க்காப்பீடு ஆகியவற்றைத் தன் பெயரில் பெறுதல் அரிது. உழவன் என்னும் சொல் நாவில் எளிதாக வருமளவிற்கு உழத்தி என்னும் சொல் அரசுப் பதிவேட்டில் வருவதில்லை. ஐக்கிய நாடுகள் அவை 2026ஆம் ஆண்டைப் பெண் உழவர்க்கான பன்னாட்டு ஆண்டாக அறிவித்ததன் தேவை இதனால் விளங்கும்.

சொந்த நிலமே இல்லாதோரையும் மறத்தலாகாது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பயிரிடுவோர் ஏறத்தாழ 42 இலட்சம். வேளாண் கூலித் தொழிலாளர் ஏறத்தாழ 96 இலட்சம். ஒருவரின் வயலில் விளைந்த நெல் மற்றொருவரின் நடவாலும் அறுவடையாலும் வந்தது. நிலவுடைமையில் சாதி வகுத்த ஏற்றத்தாழ்வை மறைத்துவிட்டு, பழைய ஊர் வாழ்வை இன்ப வாழ்வாக மட்டும் சித்திரித்தல் நேர்மையன்று. உள்ளூர் உணவுக்குத் தரும் நியாயமான விலை, உழவர் வழியாகக் கூலியாளரையும் சென்றடைய வேண்டும்.

இளைஞர் நிலை மூன்றாவது. தம் பிள்ளைகள் தம்மைப்போல் வெயிலில் வாடலாகாது என்று எண்ணி, நிலத்தை விற்றுப் படிக்கவைத்த பெற்றோர் பலர். அவர்தம் விருப்பத்தைக் குறை கூறுதல் எவர்க்கும் தகாது. படித்தவர் நிலத்திற்குத் திரும்புவது கடமை என்று அறிவுரை கூறுவதும் பயனற்றது. மதிப்பும் வருவாயும் உள்ள தொழிலைத் தேடி இளைஞர் செல்வது இயல்பு. உழவை அத்தகைய தொழிலாக்குவதே சமுதாயத்தின் கடமை.

கைக்கொள்ளத்தக்க வழிகள்

உழுவோரையும் உண்போரையும் நேரடியாக இணைக்கும் முயற்சிக்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அடையாள அட்டை பெற்ற உழவர், தம் விளைபொருளை இடைத்தரகரின்றித் தாமே விற்கின்றனர். மொத்தச் சந்தை விலையைவிடக் கூடுதலாகவும், சில்லறைக் கடை விலையைவிடக் குறைவாகவும் நாள்தோறும் விலை குறிக்கப்பட்டுக் கரும்பலகையில் எழுதப்படுகிறது. இடையில் குறைந்த செலவை உழவரும் நுகர்வோரும் பகிர்ந்துகொள்ளும் எளிய ஏற்பாடு இது. விடியற்காலையில் கீரைக்கட்டுகளோடும் காய்கறிக் கூடைகளோடும் பேருந்தில் வந்திறங்கும் சிற்றுழவர்க்கு, அன்றாடம் கையில் பணம் தரும் வழியாகவும் இது விளங்குகிறது.

இரண்டாவது வழி, பொது வழங்கலை உள்ளூர் விளைச்சலோடு இணைத்தல். 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் குடும்ப அட்டைதாரர்க்கு அரிசியின் ஒரு பகுதிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. உழவர்க்கு உறுதியான கொள்முதலும் ஏழைக்கு விலையில்லாச் சத்துணவும் ஒருசேரக் கிடைக்கும் வழி இது. சிறுதானியம் செல்வர்க்கே உரியது என்னும் குறையைப் போக்க இத்தகைய திட்டங்களே உதவும். அவ்வாண்டே, இந்தியாவின் முன்மொழிவை ஏற்று, பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகவும் கொண்டாடப்பட்டது.

மூன்றாவது வழி, பள்ளி உணவு. பிரேசில் நாட்டில் 2009ஆம் ஆண்டின் சட்டம், பள்ளி உணவுக்கு நடுவண் அரசு தரும் நிதியில் குறைந்தது 100க்கு 30 பங்கினைக் குடும்ப வேளாண்மை செய்வோரிடமிருந்து நேரடியாகக் கொள்முதல் செய்யச் செலவிட வேண்டும் எனப் பணித்தது. பசித்த மாணவர்க்கு உணவும் சிற்றுழவர்க்குச் சந்தையும் ஒரே நிதியால் கிடைத்தன. சப்பான் நாட்டிலும், விளைந்த இடத்திலேயே உண்ணுதல் என்னும் கொள்கை பள்ளி உணவில் பின்பற்றப்படுகிறது. பள்ளி உணவில் நாட்டிற்கே வழிகாட்டியது தமிழ்நாடு. காமராசர் காலத்தில் மதிய உணவாகத் தொடங்கி, 1982இல் சத்துணவுத் திட்டமாக விரிந்து, 2022இல் காலை உணவுத் திட்டத்தையும் சேர்த்துக்கொண்டது. இத்திட்டங்களுக்கான கீரையும் காயும் பயறும் அந்தந்த வட்டாரச் சிற்றுழவரிடமிருந்தும் மகளிர் குழுக்களிடமிருந்தும் வாங்கப்படுமாயின், ஒவ்வொரு பள்ளியும் தன்னைச் சுற்றியுள்ள வயல்களுக்கு நிலையான சந்தையாகும். உள்ளூர் விளைச்சல் குறைந்த நாளில் வெளியிலிருந்து வாங்கவும் இடம் இருத்தல் வேண்டும். மாணவர் உணவு எக்காரணத்தாலும் தடைப்படலாகாது.

வீடுகளும் செய்யத்தக்கன சில உண்டு. வாரத்தில் சில நாள்களேனும் தம் வட்டாரத் தானியத்தைச் சமைத்தல், அந்தந்தப் பருவத்தில் மலிந்து கிடைக்கும் காய்கறிகளை வாங்குதல், விலை மலிந்த காலத்தில் வற்றலாகவும் ஊறுகாயாகவும் சேமித்தல், தெருவில் கூடை சுமந்து வரும் உழவரிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசாதிருத்தல் ஆகியன எவர்க்கும் இயல்வன. கீரைக்கட்டிற்கு விலை பேசும் நாவு, அங்காடியில் அச்சிட்ட விலையைக் கண்டு வாய்மூடி இருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

முடிவாக

ஐக்கிய நாடுகள் அவை 2014ஆம் ஆண்டைப் பன்னாட்டுக் குடும்ப வேளாண்மை ஆண்டாகவும், 2019 முதல் 2028 வரையிலான காலத்தைக் குடும்ப வேளாண்மைக்குரிய பத்தாண்டாகவும் அறிவித்தது. உலகம் தன் உணவுக்குச் சிறு நிலங்களையும் சிறு குடும்பங்களையும் நம்பியிருக்கிறது என்பதன் ஒப்புதலே இவ்வறிவிப்பு. ஆனால், அறிவிப்புகளால் வயல் விளைவதில்லை. உழுபவருக்கு விலையும், உழத்திக்கு உரிமையும், கூலியாளருக்கு மதிப்பான ஊதியமும், ஏழைக்கு எட்டும் விலையில் உணவும் ஒருங்கே அமையும்போதுதான் உள்ளூர் உணவு என்னும் கொள்கை அறமாக நிலைபெறும்.

உழவர் குடும்பம் நிலத்தை விட்டு நீங்குவதும் நிலைத்திருப்பதும் அக்குடும்பத்தின் தனிச் செய்தியெனப் பலரும் கருதுகின்றனர். இரண்டு ஏக்கருக்கும் குறைந்த நிலத்தை நம்பி வாழும் அக்குடும்பத்தின் நாளை, ஊரார் இன்று எதை வாங்குகின்றனர் என்பதோடு பிணைந்துள்ளது. வயதில் இளைய தலைமுறை, தன் உண்கலத்தை நோக்கிச் சில வினாக்களை எழுப்பப் பழக வேண்டும். இது எங்கே விளைந்தது? இதனை விளைவித்தவர்க்கு என்ன கிடைத்தது? இந்த மண்ணுக்கு இது ஏற்றதா? இவ்வினாக்களுக்கு விடை தேடத் தொடங்கும் ஊரில் விளைநிலம் எளிதில் வீட்டுமனையாகாது.